தொட்டி மாதுளையும் வேர்க் கவாத்தும்

செடிகொடிகளை வளர்ப்போர் கிளையைக் கத்தரிக்க அஞ்சுவதில்லை. மல்லிகைத் தோட்டக்காரர் கார்த்திகை மாதத்தில் செடிகளைக் கவாத்துச் செய்து விடுகிறார். வீட்டு முருங்கையைக் கழித்து விடுவதற்கு எவரும் யோசனை கேட்பதில்லை. ஆனால் வேரில் கத்தி வைக்க வேண்டும் என்றால் அநுபவமுள்ள குடியானவருக்குங்கூடக் கை தயங்குகிறது. "வேரில் கை வைத்த பிறகு செடி பிழைக்குமா?" என்பதே முதற் கேள்வியாக எழுகின்றது.

இத்தயக்கம் இயல்பானதே. ஆயினும் அது முற்றிலும் சரியானதன்று. தகுந்த காலத்தில், தகுந்த அளவில், கூரிய கருவியினால் வேரைக் கத்தரிப்பதால் செடி சாவதில்லை. அதற்கு மாறாக, கத்தரிக்க வேண்டிய வேரைக் கத்தரியாமல் விடுவதனாலேயே அநேகம் மரங்கள் நட்ட சில ஆண்டுகளில் நலிந்து போகின்றன. இவ்வுண்மையைக் குறைந்த செலவில், தம் வீட்டு முற்றத்திலேயே, தம் கண்ணால் கண்டறிய விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. நாற்றுப் பண்ணையில் ஒரு மாதுளைச் செடியை வாங்கி, அதன் வேரைக் கவாத்துச் செய்து, ஆழமில்லாத தொட்டியில் குறுமரமாக வளர்த்துப் பார்ப்பதே அவ்வழியாகும். அதன் முறைகளைக் கீழே விவரிப்போம்.

குறுமரக் கலை

மரத்தைத் தொட்டியிற் குறுக்கி வளர்க்கும் கலை சீனத்தில் தோன்றியது. அங்கே 706ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடியும் கல்லும் அமைந்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளரின் உருவம் தீட்டப்பட்டுள்ளது. அக்கலையைச் சீனர் பென்ஜிங் என்பர். பிற்காலத்தில் ஜப்பானியர் அதனைக் கற்றுத் தமக்குரிய முறையில் வளர்த்துப் போன்சாய் என்று பெயரிட்டனர். தட்டில் நட்டது என்பது அச்சொல்லின் பொருள். 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பின்னர், டோக்கியோ நகரிலிருந்த குறுமரம் வளர்ப்போர் சிலர் நல்ல காற்றும் நீரும் நாடி ஓமியா என்னும் இடத்திற்குச் சென்று, 1925இல் அங்கே ஒரு தனிக் கிராமத்தையே ஏற்படுத்தினர்.

இத்தகைய மரங்கள் எத்தனை காலம் உயிர்வாழும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் வெண்பைன் மரம் ஒன்று தொட்டியில் இருக்கின்றது. அது 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியிற் பழக்கப்பட்டு வருவது. ஹிரோஷிமா நகரில் யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் அது இருந்தபொழுது, 1945இல் வீசப்பட்ட அணுகுண்டுக்குத் தப்பியது. 1976இல் மசாரு யமாகி என்பார் அதனை அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்னும் செய்தி 2001இல் அவருடைய பேரர்கள் அங்கே வந்து கூறிய பின்னரே அங்குள்ளோருக்குத் தெரிய வந்தது. இம்மரம் ஏறக்குறைய 400 ஆண்டுகளாக ஒரு தொட்டியளவு மண்ணில் வாழ்ந்து வருகிறது. இது எங்ஙனம் கூடிற்று? சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பழைய வேரில் ஒரு பகுதியைக் கழித்து, புது மண் இட்டு, புது வேருக்கு இடம் கொடுத்து வந்ததனால்தான். குறுமரம் பட்டினி போட்டு வளர்க்கப்படும் மரம் என்று சிலர் எண்ணுவது தவறு. பட்டினி கிடக்கும் மரம் 400 ஆண்டு வாழாது.

வேரின் இயல்பு

செடி மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது தடித்த வேர்களாலன்று. மெல்லிய வேர்களின் நுனியை ஒட்டினாற்போல் முளைத்திருக்கும் வேர்த்தூவிகளே அவ்வேலையைப் பெரும்பாலும் செய்கின்றன. இத்தூவிகள் நீடித்து இருப்பவையல்ல. பழையன அழிந்து, நுனி நீள நீளப் புதியன தோன்றும். தடித்த வேர்களோ மரத்தை நிலைநிறுத்தவும், உணவைச் சேமித்து வைக்கவும், நீரை மேலே கொண்டு செல்லவும் பயன்படுவன.

ஒரு வேரைக் கத்தரித்தால், வெட்டுவாய்க்குச் சற்றுப் பின்னிருந்து பக்க வேர்கள் பல கிளைக்கும். கிளையின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பது போன்றதே இதுவும். ஆகவே, நீண்டு ஓடும் தடித்த வேர் ஒன்றை நீக்கினால், அடிமரத்திற்கு அருகிலேயே மெல்லிய வேர்கள் பல உண்டாகின்றன. ஆழமில்லாத தொட்டியில் மரம் வாழ வேண்டுமாயின் இத்தகைய வேர்த்தொகுதியே வேண்டற்பாலது.

தக்காணத்துப் பழத்தோட்டக்காரர்களுக்கு வேர்க் கவாத்து புதியதன்று. பஹார் என்று கூறப்படும் பூப்பருவத்தை வேண்டிய காலத்தில் வரவழைக்கும் பொருட்டு, மாதுளை, ஆரஞ்சு முதலிய மரங்களுக்கு நீரை நிறுத்தி, அடிமண்ணைப் பறித்து வேரை வெயில் படவிட்டு, மெல்லிய வேர்களைக் கழிப்பது அங்கே பழைய வழக்கம். வேர்கள் மிகுதியாகச் சேதமடைவதால் தோப்பு மரங்களுக்கு இவ்வழக்கம் இப்போது சிபார்சு செய்யப்படுவதில்லை. நீரை நிறுத்துவதே போதுமானதாகக் கருதப்படுகிறது. எனினும், மாதுளையின் வேர் கத்தியைத் தாங்க வல்லது என்பதற்கு இவ்வழக்கம் ஒரு சான்று.

மாதுளையைத் தெரிந்தெடுத்த காரணம்

மாதுளை மரமாக அன்றி, இயல்பாகவே அடியிலிருந்து பல கிளைகள் விடும் புதராக வளர்வது. போத்தை நட்டாலும் பதியம் போட்டாலும் எளிதில் வேர் விடும். இலை சிறிது, பட்டை இளமையிலேயே முதிர்ந்த தோற்றம் கொள்ளும், பூ கண்ணைக் கவரும். ஜப்பானியரும் இதனை நெடுங்காலமாகக் குறுமரமாக வளர்த்து வருகின்றனர். தாவர நூலார் இதனை முன்னர்த் தனிக் குடும்பமாக வைத்திருந்தனர். இப்போது மருதோன்றியின் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர்.

ஒன்று கவனிக்கத் தக்கது. தொட்டியிற் குறுக்கி வளர்ப்பதால் இலை சிறுக்குமேயன்றிப் பழம் அவ்வளவாகச் சிறுப்பதில்லை. தோட்டத்து மாதுளையைக் குறுமரமாக்கினால் ஒரு முழம் உயரச் செடியில் பெரும் பழம் தொங்கிக் கிளையை முறிக்கும். ஆகையால், நானா என்று வழங்கும் குட்டை மாதுளை கிடைக்குமாயின் அதையே வாங்குவது நலம். அதன் இலை, பூ, பழம் யாவும் சிறியவை.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

பண்ணையில் பலரும் உயரமான செடியையே நாடுவர். நமக்கு வேண்டுவது உயரமன்று, அடிப் பருமன். விரற்கடைப் பருமனுக்குக் குறையாத அடியும், தாழ்ந்த கிளைகளும் உடைய 2 அல்லது 3 வயதுச் செடியே ஏற்றது. மேல்மண்ணை விரலால் சிறிது விலக்கிப் பார்த்து, அடிமரத்தைச் சுற்றி நாற்புறமும் வேர் பரவியிருப்பதைத் தெரிந்தெடுக்கவேண்டும். ஒரே பக்கமாக வேர் ஓடியிருப்பது குறுமரத்திற்கு அழகு தராது; நிலைத்தும் நில்லாது.

பையின் துளைகள் வழியே தடித்த வேர் வெளியே வந்திருந்தால், உள்ளே வேர் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். இப்பழுதைத் திருத்திக் கற்றுக்கொள்வதற்காகவே அத்தகைய செடி ஒன்றை வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் இலை வெளுத்து, தளிர் நின்று நலிந்திருக்கும் செடியை வாங்கலாகாது. நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன் உடலைத் தேற்றுவது எப்படி அவசியமோ, அப்படியே செடிக்கும் வலு இருத்தல் அவசியம். வாங்கி வந்தவுடன் வேரைத் தொடாமல், ஒரு மாதமேனும் வெயிலில் வைத்து நீர் ஊற்றி வரவேண்டும்.

காலம்

தை மாதக் கடைசியிலிருந்து மாசி நடு வரையில், அதாவது பிப்ரவரி மாதமே இவ்வேலைக்கு உகந்தது. குளிர்காலத்தில் ஓய்ந்திருந்த செடி அப்போது புதுத் தளிருக்கு ஆயத்தமாக இருக்கும். அரும்புகள் பருத்து, இன்னும் விரியாதிருக்கும் சமயமே சரியான சமயம். பங்குனி, சித்திரை மாதங்களின் கடுவெயிலில் வேரைத் தொடலாகாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் வெட்டுவாய் அழுகக்கூடும். மாசியைத் தவற விட்டவர்கள், வெயில் தணிந்த ஆவணி மாதத்தில் செய்து கொள்ளலாம்.

மண்ணும் தொட்டியும்

ஆழமில்லாத தொட்டியில் நீர் எளிதில் வடிந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நனைத்துப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றபின் அதனையே செங்குத்தாகத் திருப்பினால் மேலும் நீர் வடியக் காண்பீர்கள். தொட்டி எவ்வளவு தாழ்ந்ததோ, அவ்வளவுக்கு மண்ணின் பெரும்பகுதி நீரில் ஊறியே இருக்கும். ஆகவே, வண்டலும் களியும் கலந்த வயல் மண்ணை இத்தொட்டிக்கு இட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். பருமணி மண்ணே வேண்டும்.

பருமணல் அல்லது உடைத்த செங்கல் 2 பங்கு, செம்மண் சிறுகட்டி 1 பங்கு, நன்றாக மக்கிய இலையுரம் 1 பங்கு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றைச் சலித்து, மிளகுக்கு மேற்பட்டதையும் கம்பு தானியத்திற்குக் குறைந்ததையும் நீக்கிவிடவேண்டும். முக்கியமாகத் தூளை முழுவதும் கழிக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே விலையுயர்ந்த தட்டுத் தொட்டி வாங்க வேண்டியதில்லை. 10 அங்குல அகலமும் 4 அங்குல ஆழமும் உள்ள மண்தொட்டி போதுமானது. அடியில் அரை அங்குலத் துளைகள் இரண்டு மூன்று இருத்தல் வேண்டும். துளைகளை வலைத் துண்டால் மூடி, செடியைக் கட்டி நிறுத்துவதற்காக ஒரு கம்பியை அத்துளைகள் வழியே முன்னதாகவே கோத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேரைக் கத்தரித்தல்

முதல் நாள் நீர் ஊற்றுவதை நிறுத்தினால் மண் எளிதில் உதிரும். காற்றில்லாத நிழலில், மாலை வேளையில் வேலையைத் தொடங்குக. மண், தொட்டி, கத்தரி, கூர்கத்தி, மூங்கிற் குச்சி, ஈரச் சாக்கு, ஒரு வாளி நீர் யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேர் வெளிப்பட்ட பின்னர்ப் பொருள் தேடி அலைந்தால், அதற்குள் மெல்லிய வேர்கள் உலர்ந்து போகும்.

முதலாவது: பையைக் கிழித்து நீக்கி, மூங்கிற் குச்சியால் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி மண்ணைக் கோதி விடவேண்டும். சிக்குப் பிடித்த தலையை வாருவது போலப் பொறுமையாகச் செய்யவேண்டும், இழுத்துப் பிய்க்கலாகாது. முதல் தடவையில் மண்ணில் பாதியளவு நீக்கினால் போதும். அடிமரத்தை ஒட்டிய உள்மண் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது: பையின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைக் கண்டு, அவை வளையத் தொடங்கும் இடத்திலேயே வெட்டுக. அடிமரத்தைக் குறுக்கே தழுவிக் கிடக்கும் வேரை முற்றிலும் நீக்குக.

மூன்றாவது: நேர் கீழே இறங்கும் தடித்த வேர்களைக் குறைத்து, பக்கவாட்டில் பரவும் மெல்லிய வேர்களைக் காப்பாற்றுக. வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்கும்படி வெட்டவேண்டும். பென்சிற் கனத்திற்கு மேற்பட்ட வெட்டுவாயைக் கூர்கத்தியால் வழவழப்பாகச் சீவி விடுக. நசுங்கிய வெட்டிலிருந்து அழுகலும், சுத்தமான வெட்டிலிருந்து புதுவேரும் உண்டாகும்.

அளவு யாதெனில், முதல் தடவையில் மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்கே நீக்கத்தக்கது. இன்னும் நீக்க வேண்டியவை தென்பட்டாலும், அவற்றை 2 ஆண்டு கழித்து வரும் அடுத்த தடவைக்கு விட்டுவிடுக. வேலை முடியும் வரையில் வேரின் மீது ஈரச் சாக்கைப் போர்த்தியோ நீரைத் தெளித்தோ வரவேண்டும்.

வேரைக் குறைத்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. இதில் மிதம் வேண்டும். புதுவேரைத் தூண்டும் இயற்கைப் பொருள் தளிரிலும் கிளை நுனியிலுமே உண்டாகின்றது. எல்லாவற்றையும் மொட்டையடித்து விட்டால் வேர் விடுவது தாமதப்படும். நீண்டு வளர்ந்த கிளைகளை மாத்திரம் அடக்கி, உள்நோக்கியும் ஒன்றன்மீதொன்று உராய்ந்தும் இருப்பவற்றைக் கழித்தால் போதும்.

நடுதல்

தொட்டியின் அடியில் மண்ணைச் சிறு மேடாக இட்டு, அதன் மீது செடியை அமர்த்திச் சற்றே இருபுறமும் திருகினால் வேருக்கடியில் மண் இறுகும். வேரை நாற்புறமும் விரித்து, கோத்து வைத்த கம்பியால் ஆடாமல் கட்டவேண்டும். காற்றில் ஆடும் செடியின் புதுவேர் முளைக்க முளைக்க அறுந்து போகும். பின்னர் மண்ணை இட்டு, மூங்கிற் குச்சியால் மெதுவாகக் குத்தி வேர்களுக்கிடையே இறக்குக. இடைவெளி தங்கினால் அவ்விடத்து வேர் உலர்ந்துவிடும். கையால் அமுக்கி இறுக்குதல் கூடாது. கடைசியாகப் பூவாளியால், துளை வழியே தெளிந்த நீர் வரும் வரையில் ஊற்றுக.

ஒரு பிழையும் அதன் படிப்பினையும்

இம்முறைகளைக் கூறும் நான் முதலில் செய்த செடி பிழைக்கவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்ல வேண்டியது கடமை. சித்திரை மாதத்து விடுமுறையில் அவகாசம் கிடைத்தது என்று செடியை எடுத்து, வேரில் ஒரு மண் துகளும் இல்லாமல் கழுவி, பாதிக்கு மேல் வெட்டினேன். செடிக்கு வலு ஏற்ற வேண்டும் என்று சாண எருவும் பிண்ணாக்கும் மண்ணிற் கலந்தேன். மாதுளைக்கு வெயில் பிடிக்கும் என்று மாடியில் வைத்தேன். நான்காம் நாள் இலை சுருண்டது. நீர் போதவில்லை என்று எண்ணி மூன்று வேளையும் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் செடி கருகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வெட்டுவாய்கள் யாவும் கறுத்து அழுகியிருந்தன.

வேரை வெட்டியதனால் அச்செடி சாகவில்லை. காலம் தப்பியது, அளவு மிஞ்சியது, உறிஞ்ச வேரில்லாத செடிக்கு உரமும் வெயிலும் கொடுக்கப்பட்டன. பிழைகள் நான்கும் என்னுடையவை. அடுத்த மாசியில், அதே பண்ணையில் வாங்கிய செடியை மேற்கூறிய முறைப்படி செய்தேன். இலைகளில் பாதி உதிர்ந்தன, மனம் கலங்கிற்று. ஆயினும் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்ததில் உள்ளே பச்சையாக இருந்தது. பொறுத்திருந்தேன். ஐந்தாம் வாரத்தில் செந்நிற அரும்புகள் கணுக்கள்தோறும் வெடித்தன.

பின் பராமரிப்பு

நட்ட செடியை 2 அல்லது 3 வாரம் வெளிச்சமுள்ள நிழலில், காற்று வீசாத இடத்தில் வைக்கவேண்டும். மேல்மண் உலரத் தொடங்கும்போதே மறுபடி நீர் ஊற்றவேண்டும். வழக்கத்திற்காக நாள்தோறும் ஊற்றுதல் தவறு. இலைமீது காலையும் மாலையும் நீர் தெளிப்பது நன்மை பயக்கும். இலை உதிர்ந்தாலும் பட்டை பச்சையாக இருக்கும்வரையில் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வேர் விட்டதா என்று செடியை அசைத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

புதுத் தளிர் வந்த பின்னர் முதலில் காலை வெயிலும், பிறகு சிறிது சிறிதாக முழு வெயிலும் படலாம். 6 வாரம் கழிந்த பின்னரே உரமிடத்தக்கது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்த நீரை நன்கு நீர்க்கச் செய்து, இரு வாரத்திற்கு ஒரு முறை ஊற்றினால் போதும். முதல் 2 ஆண்டுகளில் பிஞ்சுகளைக் கிள்ளி விடவேண்டும். அதன் பின்னரும் ஒன்றிரண்டுக்கு மேல் விடலாகாது. நீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலே தேங்குவதும், செடி தொட்டியைவிட்டு மேலெழும்புவதும் மறுபடி வேர்க் கவாத்துக்குக் காலம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இளஞ்செடிக்கு இது ஏறக்குறைய 2 ஆண்டுக்கொரு முறை நேரும்.

தோப்புக்காரருக்கு ஒரு வார்த்தை

பயிர்த்தொழில் செய்வோருக்கு அலங்காரத் தொட்டியினால் யாது பயன் என்று சிலர் கேட்கலாம். மாதுளைப் பையைக் கிழித்தபோது கண்ட காட்சியை அவர்கள் நினைவு கூரவேண்டும். நாம் தோப்பில் நடும் மா ஒட்டும், எலுமிச்சையும், கொய்யாவும் இதே பைகளில்தாம் வருகின்றன. பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர், குழியில் நட்ட பின்னரும் தன் சுற்றை விட்டு நேராவதில்லை. ஆண்டுதோறும் தடித்து, ஒன்றையொன்று நெரித்து, முடிவில் அடிமரத்தையே கயிறு போல இறுக்கும். உரமும் நீரும் குறைவின்றி இட்டும், 7, 8 ஆண்டு மரம் காரணமின்றி வாடுவதையும் சாதாரணக் காற்றுக்கே சாய்வதையும் காண்கிறோம். சாய்ந்த மரத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தால் பையின் வடிவம் அங்கே வேரில் பதிந்திருக்கக் காணலாம். அப்போது செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

ஆகையால், பண்ணையில் கன்று வாங்கும்போதே பையில் வேர் சுற்றாத இளங்கன்றைக் கேட்டு வாங்குக. சுற்றியிருந்தால், நடும் நாளில் பையை முழுவதும் நீக்கி, வேர்க்கட்டியின் அடியில் சுருண்டு கிடப்பதை அரை அங்குல அளவுக்குச் சீவி, பக்கங்களில் சுற்றிய வேர்களை மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறி விடுக. உள்மண் கலையவேண்டியதில்லை. பப்பாளிக்கு இதனைச் செய்யலாகாது. அதன் வேர் தொந்தரவு பொறாதது. தென்னை முதலியவற்றின் வேர் ஆண்டுக்காண்டு தடிப்பதில்லையாதலால் அவற்றிற்கு இது வேண்டுவதுமில்லை.

ஒரு கன்றுக்கு இவ்வேலை சில நிமிஷமே பிடிக்கும். அச்சில நிமிஷத்தைச் செலவிடக் கை துணிய வேண்டுமானால், முன்னதாக ஒரு தொட்டி மாதுளையில் பழகியிருத்தல் நலம். அது பட்டுப் போனாலும் நஷ்டம் ஒரு செடியின் விலை. பிழைத்தாலோ முற்றத்திற்கு ஓர் அழகும், தோப்புக்கு ஒரு பாடமும் கிடைக்கும். வருகிற மாசியில் அன்பர்கள் முயன்று பார்ப்பார்களாக.